காலிக் கூண்டுக்கு ஒரு வணக்கம்

அக்கா வீட்டு அலமாரிக்கு மேலே, தகரப் பெட்டிக்கும் பழைய மண்ணெண்ணெய் விளக்குக்கும் நடுவில், ஒரு ஜோடி கேன்வாஸ் சப்பாத்து இருக்கிறது. ஒரு காலத்தில் வெள்ளை. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பேட்டையின் ரயில் புகை இருபது வருஷமாகப் படிந்து இப்போது அதன் நிறத்துக்குப் பெயர் கிடையாது. அடியில் லாரி டயரை அறுத்து ஆணி அடித்திருக்கும். அடித்தவர் அத்தான். போட்டுக்கொண்டு ஓடியவன் நான். என் வாழ்நாளில் ஓட்டத்தில் நான் முந்திய ஒரே மனிதரும் அத்தான்தான். அதனால் அந்த வீட்டுக்குப் போனால் அலமாரிப் பக்கம் பார்க்காமல் நேரே அடுப்படிக்குப் போய்விடுவேன். தின்பண்டத்துக்கு அலைகிறான் என்று அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதுவும் பொய்யில்லை.

அத்தான் என்பது அக்காவின் கணவர். ஜப்பான்காரன் காலத்தில் அவர் ரயில் பட்டறையில் பிட்டர். நான் அதே பட்டறையின் ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி. மூவரும் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே வீட்டில் இருந்தோம். ஜப்பான் சண்டைக்கு முன்னால் அத்தானுக்குக் கிள்ளான் வரை பெயர் உண்டு. ரப்பர் தோட்டங்களில் விளையாட்டு வைத்தால் நூறு கஜத்தை யாருக்காவது விட்டுக்கொடுத்துவிட்டு, அரை மைலையும் மூன்று மைலையும் இவர் எடுத்துக்கொண்டு வருவார். எனக்கும் ஓட்டத்தில் ஒரு பெயர் இருந்தது. குண்டு போட விமானம் வந்தபோது பதுங்கு குழிக்குள் முதல் ஆளாக விழுந்தவன் நான். சைரன் பிறகுதான் ஊதியது.

சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் சேர்த்துக்கொண்டிருந்த சமயம் அது. போனவர்களிடமிருந்து கடிதம் வரவில்லை. திரும்பி வந்தவன் என்று யாரையும் எவராலும் காட்ட முடியவில்லை. ஒருநாள் காலை, பட்டறை முற்றத்தில் எல்லாரும் கைகால் வீசிச் செய்யும் கட்டாய உடற்பயிற்சி முடிந்ததும், ஜப்பானிய அதிகாரி ஒரு மேசை மேல் ஏறி நின்று சிரித்த முகத்தோடு பேசினார். துபாஷி எடுத்துச் சொன்னான். பேரரசர் பிறந்தநாளுக்கு ஓட்டப் பந்தயங்கள் நடக்கும். நூறு கஜமும் அரை மைலும் விருப்பப்பட்டவர்களுக்கு. கிள்ளான் சாலையில் மூன்றாங்கட்டை, அதாவது மூன்றாவது மைல்கல் வரை போய்த் திரும்பும் நீள ஓட்டம், ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தால் அந்த இருவருக்கும் கட்டாயம். இருவரில் முன்னால் வருகிறவன் பட்டறைக்கு வேண்டும். பின்னால் வருகிறவன் சயாமுக்குப் போகலாம்.

அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. எவன் போக வேண்டும் என்பதற்குக் கணக்குப் போடவே வேண்டாம். பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம் அடுப்படியில் அக்காவிடம் சொன்னேன்: "பயப்படாதக்கா. நான் தோத்துடுறேன்." அக்கா வேகவைத்த மரவள்ளிக்கிழங்கில் ஒரு பெரிய துண்டை அத்தான் தட்டில் வைத்தாள். கொஞ்ச நேரம் நின்று, அதை எடுத்து என் தட்டில் வைத்தாள். பிறகு மறுபடி எடுத்தாள். அந்தக் கிழங்கு எங்கள் இரண்டு தட்டுக்கும் நடுவில் மூன்று தடவை போய் வந்தது. கடைசியில் அதை யார் தின்றோம் என்பது நினைவில்லை.

வாசலில் உட்கார்ந்து அத்தான் சப்பாத்துக்கு டயர் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் என் பக்கம் தள்ளினார். "என் பழைய சப்பாத்து. ஒங்கால் ஆபீஸ் கால், மாப்ளே. தார் ரோட்டுல கொப்புளம் போட்டுடும்."

"நான் தோக்கத்தானே போறேன். அதுக்குச் சப்பாத்து எதுக்கு?"

"தோக்குறவனுக்கும் காலு காலுதான்லா. போட்டுக்க."

காலையில் டோக்கியோ நேரப்படி எட்டு; சூரியனுக்கு ஆறரைதான். ஐம்பது அறுபது பேர் நின்றோம். அண்ணன் தம்பிகள், தகப்பன் மகன்கள். எவரும் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்க்கவில்லை. கொடி இறங்கியதும் அத்தான் வெறுங்காலோடு மிதந்து போய்விட்டார். நான் தோற்கும் உத்தேசத்தோடு மெதுவாகக் கிளம்பினேன். இருநூறு கஜம் போவதற்குள் என் கால்கள் என்னைக் கேட்காமலே வேகம் எடுத்திருந்தன. தியாகம் எல்லாம் நெஞ்சில்தான் இருந்தது. வயிற்றில் சயாம் இருந்தது.

ஆற்றுப் பாலத்தின் முனையில் ஒரு காவல் கூண்டு உண்டு. யார் போனாலும் காவல்காரன் முன்னால் காலைச் சேர்த்து நின்று, இடுப்பை மடித்துக் குனிய வேண்டும். சைக்கிளில் வந்தால் இறங்கிக் குனிய வேண்டும். ஓடி வந்தால் என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு முன்னால் ஓடிய ஒருவர், ரயில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர், பந்தயம்தானே என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தாண்டினார். காவல்காரன் அவரை இழுத்து இரண்டு கன்னத்திலும் அறைந்து, ஒரு பெரிய கல்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்க வைத்தான். நான் குனிந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது தடவையும் குனிந்தேன். அங்கிருந்து மூன்றாங்கட்டை வரை, பச்சைச் சட்டை காயப்போட்டிருந்த ஒரு கொடிக் கயிற்றுக்கும் குனிந்தேன்.

திரும்பி வருகையில் அத்தானை எங்கும் காணோம். இந்நேரம் திடலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார், நம் கதை முடிந்தது என்று நினைத்தபடி பாலத்துக்கு வந்தேன். பெயிண்டர் அதே இடத்தில் கல்லோடு நின்றார். கூண்டுக்கு முன்னால் ஒருவர் இடுப்பை மடித்துக் குனிந்திருந்தார். முதுகைப் பார்த்ததுமே தெரிந்தது, அத்தான். யோசிக்காமல் நானும் பக்கத்தில் நின்று குனிந்துவிட்டேன். கூண்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

பெயிண்டர் மேலேயிருந்து மெல்லச் சொன்னார்: "கூண்டு காலி. எளநி குடிக்கப் போயிருக்கான்."

"அப்ப கல்லக் கீழ போடேன்."

"அது எப்படிப் போடுறது?"

நானும் நிமிரவில்லை. இரண்டு பேரும் காலிக் கூண்டுக்குக் குனிந்து நின்றோம். பின்னால் வந்தவர்கள் எங்களைப் பார்த்துத் தாங்களும் ஒரு நொடி குனிந்துவிட்டு ஓடினார்கள். அத்தானின் மூக்கிலிருந்து வேர்வை தரையில் சொட்டியது. என்னுடையதும்.

"போ, மாப்ளே."

"நீங்க போங்க அத்தான்."

"எனக்குக் கால்ல முள்ளு."

"தார் ரோட்டுல ஏது முள்ளு? அக்கா காத்துக்கிட்டிருக்கும். போங்க."

"ஒங்க அக்காவுக்கு நான் சொல்லிக்கிறேன். நீ போடா."

அந்த இடத்தில் நான் ஒரு பெரிய மனிதனாக இருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், கிட்டத்தட்ட ஒரு நிமிஷம். அதற்குள் பாலத்துக்கு அப்பால் ஒரு லாரியின் உறுமல் கேட்டது. சயாமுக்கு ஆள் ஏற்றுகிற லாரி என்று நினைத்தேன்; அவ்வளவுதான். பிறகு எனக்குத் தெரிந்தது காதில் காற்றும் டயர் அடிகள் தாரில் அறையும் சத்தமும். லாரி எதிரே வந்தது. அதில் இருந்தது விறகு. விறகுதான் என்று கண்ணால் பார்த்த பிறகும் நான் நிற்கவில்லை. இதை மட்டும் இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. திடலில் கயிற்றைத் தாண்டி விழுந்தபோது எனக்கு முப்பத்தோராவது இடம். அத்தானுக்கு முப்பத்திரண்டு.

அத்தான் சயாமுக்குக் கிளம்பினார். அக்கா வழிக்குக் கட்டிக்கொடுத்த பொட்டலத்திலும் கிழங்குதான். பெண் பிறந்தபோது அவர் இல்லை. சண்டை முடிந்து சில மாதங்கள் கழித்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே சயாம் காட்டில் விட்டுவிட்டு, இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். புண் புரையோடி எடுத்துவிட்டார்களாம். வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் பேச்சு: "இனிமே நீ என்ன எப்பவும் ஜெயிக்கலாம், மாப்ளே."

இப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. தொப்பை எனக்கு அரை அடி முன்னால் போகிறது. வருஷா வருஷம் எங்கள் ஆட்கள் பிரிக்பீல்ட்ஸ் திடலில் பந்தயம் நடத்துகிறார்கள். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து கொடி அசைத்துவிடுவார். கூட்டத்துக்கு என்னைக் காட்டி, "ஓட்டத்துல என்ன முந்தின ஆளு இவன்" என்பார். நான் காலைச் சேர்த்து, இடுப்பை மடித்து, ஜப்பான் காலத்து வணக்கம் ஒன்று போடுவேன். திடலே சிரிக்கும். சிரிக்க வைப்பதில் எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. குனிந்திருக்கும்போது முகம் தெரியாது.

இந்த வருஷம் அவருடைய மகள் அரை மைலில் இரண்டாவதாக வந்தாள். அன்று மாலை வீட்டில் அத்தானும் நானும் மட்டும் இருந்தபோது, விறகு லாரி வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அத்தான் காதைச் சொறிந்துகொண்டார். "நீயாவது லாரியக் கேட்டு ஓடின. எனக்கு இடுப்பு விட்டுப் போச்சு. இன்னும் ஒரு நிமிஷம் நின்னிருந்தீனா நான் நிமிந்து ஓடியிருப்பேன், மாப்ளே. சத்தியமா."

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்றால், முதல் தடவையாக அந்தச் சப்பாத்தை அலமாரியிலிருந்து நானே எடுத்தேன். துணியால் தூசி தட்டினேன். வலது சப்பாத்தின் உள்ளே, குதிகால் படும் இடத்தில், அழிந்தும் அழியாமலும் ஒரு எண் இருந்தது. ஆறு. என் கால் ஆறு; அன்று பயத்தில் அளவு சரியாக இருந்ததைக் கவனிக்கவேயில்லை. பட்டறை ஸ்டோரில் அத்தானுக்கு ஒன்பதாம் எண் பூட்ஸ் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியவனும் நான்தான். அவருடைய பழைய சப்பாத்தாம். எங்கே தேடிப் பிடித்தாரோ. பந்தயத்துக்கு முதல்நாளே அவர் முடிவு செய்துவிட்டிருக்கிறார்.

எண்ணை அவருக்குக் காட்டவில்லை. சப்பாத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டியபடி, அலமாரியைப் பார்த்துக் காலைச் சேர்த்துக் குனிந்தேன். கொஞ்ச நேரம் நிமிர முடியவில்லை.

"கூண்டுல ஆளு இல்ல மாப்ளே," என்றார் அத்தான் பின்னாலிருந்து. "நிமிரு."