கை மாற்றாத ஊர்

அந்த டாக்டரை எனக்குப் பிடிக்காது. ஊர் அவரைக் கும்பிட்டது. சாவடியில் அவர் போட்டோவுக்கு இன்றும் மாலை போடுகிறது. போடட்டும். போன பொங்கலுக்கு மைக் கட்டி, "அவரத் தெப்பத்துல ஏத்தி எறக்குனவன் நீதான் மாப்ள, ரெண்டு வார்த்தை பேசு" என்று கூப்பிட்டார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. படித்தது அஞ்சாவது. எழுத்துக் கூட்டி எழுதுவது எனக்குப் பேசுவதைவிட லேசு. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மேலூருக்குக் கிழக்கே, கண்மாய்க்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மேடு. கண்மாய் பெருகினால் மூன்று பக்கமும் தண்ணீர், நாலாவது பக்கம் ஓடை. ஐப்பசி முதல் தை வரை தீவுதான். வெளியே போக ஊர்ப்பொதுத் தெப்பம் ஒன்று உண்டு. லாரி டியூப்புகளைச் சேர்த்துக் கட்டி, மேலே மூங்கில் தட்டி போட்டது. கழி ஊன்றித் தள்ளுவது என் வேலை.

வெள்ளிக்கிழமை தோறும் மேலூரிலிருந்து டாக்டர் சைக்கிளில் வந்து அக்கரையில் மணியடிப்பார். மற்றக் கிழமைகளில் வேறு வேறு ஊர், தேடிப் போனாலும் பிடிக்க முடியாது. பொய் சொல்ல மாட்டேன், கொட்டுகிற மழையிலும் வந்தார். வேறு எந்த டாக்டரும் எங்கள் தண்ணீரைத் தாண்டியதில்லை. சாவடியில் ஸ்டவ் பற்றவைத்து ஊசியை வேகவைப்பார். யார் வீட்டிலும் கூழ் வாங்கிக் குடிப்பார். பேர் கேட்க மாட்டார், நோயைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "ஏய் மூலம், ஒழுங்கா ஒக்கார முடியுதா?" என்பார். மூலம் என்று கூப்பிடப்பட்டவர், ஏதோ பட்டம் வாங்கியது போலச் சிரிப்பார்.

எனக்கு ஒரு நோயும் இல்லை. ஆனாலும், "டேய் ஊமை, ஆட்டாமத் தள்ளு, பெட்டியில மருந்து இருக்கு" என்பார். அதிலிருந்து ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட நான் ஊமை மாமா. ஒன்றுமில்லாதவனுக்கும் ஒரு நோயைக் கொடுத்துவிட்டுப் போனவர் அவர்.

ஒரு தடவை, அவர் பார்த்த ஒரு கிழவர் இடையில் திருமங்கலத்து வைத்தியரிடம் போய்விட்டு வந்தார். டாக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "என் கையில வந்துட்டு இன்னொருத்தன் கைக்கு மாறுனா, உள்ள மருந்துக்கு மருந்து சண்டை போட்டுக்கும்யா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மழைக்குள் அது ஊர்க்கட்டுப்பாடாகிவிட்டது. அவர் பார்த்த ஆளை இன்னொரு டாக்டரிடம் கொண்டுபோகக் கூடாது. கை மாற்றினால் உயிர் தங்காது, ஊருக்கும் ஆகாது. சாமி வந்து சொல்லியிருந்தால்கூட இப்படிப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இது அவருக்கும் தெரியும். வேண்டாம் என்று அவர் சொன்னதில்லை.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் ஐப்பசியில் என் மகளுக்குத் தொண்டை வலி. ஆறு வயசு. வெள்ளிக்கிழமை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, வெறும் புண்தான் என்று ஊசி போட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமை கழுத்து வீங்கிவிட்டது. மூச்சு விடும்போது ரம்பம் அறுக்கிற மாதிரி சத்தம். எச்சில் இறங்கவில்லை. அடுத்த வெள்ளிவரை அவள் இருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போனேன். பின்னால் என் பெண்டாட்டி. அங்கே அம்பலக்காரர் தெப்பத்துக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். ஊர்ப் பெரியதனம் அவர் வீட்டுக்குத்தான். குளிக்க வந்த கூட்டமும் நின்றது.

"எங்க மாப்ள?"

நான் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"மதுரைக்கு. பெரியாஸ்பத்திரிக்கு" என்றாள் என் பெண்டாட்டி.

"டாக்டர் கை வச்ச புள்ள. வெள்ளிக்கிழமை வந்துருவாரு. அதுக்குள்ள கை மாத்தி அவரு மனசு கோணுனா? நாளைக்கு அவரு வரலைன்னா இந்த ஊருக்கு யாரு வருவா, ஒம் புருசனா ஊசி போடுவான்?"

கூட்டம் சிரித்தது. பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது, சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

"கயித்த விடுங்க மாமா" என்றாள்.

"தெப்பம் ஊருது."

"புள்ள என்னுது. விடலைன்னா கழுத்துத் தண்ணியில நடந்தே கொண்டு போவேன். முங்கிட்டம்னா வெள்ளிக்கிழமை ஒங்க டாக்டர வந்து மூணு பேருக்கும் ஊசி போடச் சொல்லுங்க" என்று சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

அவர் கயிற்றை விட்டுவிட்டுக் காறித் துப்பினார். நான் தள்ளினேன். நடுக்கண்மாய் தாண்டியும் அவர்கள் திட்டுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

மேலூரிலிருந்து பஸ். மதுரையில் ஒரு பெண் டாக்டர் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்ததுமே எங்களைப் பிடிபிடியென்று பிடித்தார். "தொண்டை அடைப்பான் நோய் இது. இம்புட்டு முத்துற வரைக்கும் எங்கய்யா இருந்தீங்க?" கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். அதன் வழியாக என் மகள் மூச்சு விட்டாள். பிழைத்தாள்.

ஊர் திரும்பியபோது கழி என் கையில் இல்லை. வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிழைத்து வந்த பிள்ளையை ஒருத்தரும் தூக்கவில்லை. கிணற்றில் என் பெண்டாட்டி வாளி விட்டால் மற்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். புது ஆள், தண்ணீருக்குள் முங்கிக் கிடந்த கருவேல மரத்தின் மேல் தெப்பத்தை ஏற்றி, டாக்டரை இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்ட பிறகுதான் கழி திரும்ப வந்தது. எனக்காக இல்லை, அவருக்காக.

அந்த ஈர வேட்டியோடே டாக்டர் என் வீட்டுக்கு வந்தார். மகளின் கழுத்தைத் தூக்கிப் பார்த்தார். தழும்பின் மேல் விரலை வைத்தார். எடுத்துக்கொண்டார்.

"போனது நல்லதாப் போச்சு" என்றார். குரல் வெளியே கேட்கவில்லை. "கை மாத்துறது பத்தி நான் சொன்னது சும்மா கேலிக்கு."

"அதச் சாவடியில வந்து சொல்லுங்க" என்றாள் என் பெண்டாட்டி. "எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

அவர் பெட்டியைத் திறந்தார், மூடினார். "மழை வருது" என்றார். சாவடியில் காத்திருந்த கூட்டம் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றது. ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுப் பார்த்தார். அதை மட்டும் சொல்லவில்லை. அந்த வெள்ளியும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை. அம்புட்டுப் பேர் கும்பிடும்போது யாருக்கு மனசு வரும்? திரும்பிப் போகும்போது என்னை ஊமை என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

அடுத்த வருஷத் தண்ணீரில், ஒரு மத்தியானம், அம்பலக்காரர் கரைக்கு வந்தார். தோளில் பேரன். வயிற்றுப்போக்கில் கண் செருகிக் கிடந்தான். டாக்டர் பார்த்துப் போன பிள்ளைதான். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் தெப்பத்தில் உட்கார்ந்தார்.

"டாக்டருக்குத் தெரிய வேணாம் மாப்ள."

நான் என்றைக்கு யாரிடம் என்ன பேசினேன்? கயிற்றை அவிழ்த்தேன்.

கரையில் துணி அலசிக்கொண்டிருந்த என் பெண்டாட்டி நிமிர்ந்தாள். படித்துறை முழுக்கக் கேட்கும்படி, "என்ன மாமா, கை மாத்தவா?" என்றாள்.

அவர் துண்டை எடுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினார். மூச்சு முட்டும் என்று நான் அந்தத் துண்டை விலக்கிவிட்டுக் கழியை ஊன்றினேன்.