டியூப்லைட் பல்லிக்கு ஒரு கும்பிடு

போன சனிக்கிழமை ஒரு பல்லியைப் பார்க்க வரிசையில் நின்றேன். கோயிலில் இல்லை... கல்யாண மண்டபத்தில்!

முகூர்த்தம் இல்லாத நாட்களில் எங்கள் காஞ்சிபுரத்து மண்டபங்களில் கண்காட்சி போடுவார்கள். அப்பளம், சணல் பை, டெரகோட்டா கம்மல்... இவற்றுக்கு நடுவே ஒரு மேஜையில் என் நண்பரின் மருமகள் கல்பனா, தான் போட்ட படங்களோடு உட்கார்ந்திருந்தாள்.

செவிலிமேட்டில் வீடு. சமையலறை மேடையில்தான் வேலை. லினோ என்கிற ரப்பர் மாதிரியான ஷீட்டில் படத்தைச் செதுக்கி, மை உருட்டி, தாளை வைத்து அழுத்தி எடுப்பாள். ஒரு படத்துக்கு முப்பது பிரதிதான். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் போட்ட பிறகு ஷீட்டை வெட்டி எறிந்துவிடுவாள். விலை முந்நூறு ரூபாய். இரண்டு பேர் ஓட்டலில் டிபன் சாப்பிட்டால் ஆகிற பில்.

கணவன் தினேஷ் நல்லவன்தான். ஒரகடத்தில் தன் கம்பெனியிலேயே அவளுக்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தான். திங்கட்கிழமை சேர வேண்டும். கண்காட்சியில் ஒரு படமாவது விற்றால் வீட்டிலேயே படம் போடுவது, விற்காவிட்டால் கம்பெனிக்கு வருவது என்று இருவருக்கும் ஒப்பந்தம். ஒன்றே ஒன்று! கஷ்டமா என்ன?

கஷ்டம்தான். கல்யாணப் புடவை வாங்க மூன்று தலைமுறையும் வேன் வைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வருகிறது. விலையைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் சுவரில் மாட்டுகிற படம்? அது மளிகைக் கடையில் இலவசமாகத் தர வேண்டிய சமாச்சாரம். அதிலும் கீழே தேதி கிழிக்கிற வசதி இருக்க வேண்டும்.

மேஜைக்கு வந்த ஒருவர், இதெல்லாம் ஜெராக்ஸா என்றார். இன்னொருவர், தன் பையன் ஆறாவதிலேயே இதைவிட நன்றாகப் போட்டான் என்றார். ஒரு அம்மாள், ஃப்ரேமை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று விசாரித்தார் - பேரன் போட்டோவை வைக்கலாமாம்.

பிறகுதான் யாரோ பல்லியைப் பார்த்தார்கள்.

கண்ணாடி போடாமல் போர்டில் குத்தியிருந்த படம். டியூப்லைட் ஓரமாக ஒரு பூச்சியைக் குறிவைத்து ஒட்டிக்கொண்டிருக்கும் சாதாரண வீட்டுப் பல்லி. ஆனால் இது காஞ்சிபுரம்! இங்கே பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டால் தோஷம் போகும். ஒரு அம்மாள் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் வந்தவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. தொட்டார். கொஞ்ச நேரத்தில் வரிசை! (நானும் தொட்டேன். எதற்கு வம்பு?) ஒருவர் பல்லியின் தலையில் குங்குமம் வைத்தார். இன்னொருவர் மேஜையில் சில்லறை போட்டார். வாங்கியவர்? ஒருவரும் இல்லை. தொட்டாலே தோஷம் போய்விடுகிறதே... வாங்குவானேன்?

"அது எங்க வீட்டுப் பல்லி, அங்கிள். கிச்சன்ல இருக்குது" என்றாள் கல்பனா. அழுகை வருகிற மாதிரி இருந்தது குரல்.

அதை அவர்களிடமே சொல்லேன்மா என்றேன். சொன்னாளாம். வீடு தேடி வந்த பல்லி என்றால் இன்னும் விசேஷம் என்று மறுபடியும் தொட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமையும் அதே கூட்டம், அதே கும்பிடு. மத்தியானத்துக்கு மேல் ஒரு அம்மாள் முந்நூறு ரூபாயை எடுத்து நீட்டினார். கல்பனாவுக்கு முகமெல்லாம் பல். உறையிலிருந்து புதுப் பிரதி ஒன்றை எடுத்தாள்.

"புதுசு வேணாம்மா. இத்தினி பேரு தொட்டுக்கினு போனாங்களே, அதைக் குடு."

மை கலங்கி, குங்குமம் அப்பி, மூலை மடங்கிப்போன காகிதம் அது. பக்கத்தில் நின்ற தினேஷ், கொடுத்துத் தொலையேன் என்று கண்ணாலேயே கெஞ்சினான். அவனுக்கும் அவள் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசைதான், பாவம். எனக்கும் அதே நினைப்பு. ஒன்று விற்றால் போதுமே!

"இப்போ அது படமே இல்லம்மா. அதை விக்க மாட்டேன்."

பணம் பர்ஸுக்குத் திரும்பியது. அம்மாள் இந்தக் காலத்துப் பெண்களின் திமிரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே அப்பளம் வாங்கப் போனார். கல்பனா பல்லியைக் கழற்றி மேஜைக்கு அடியில் வைத்தாள். கூட்டம் அப்படியே கலைந்தது. கலா ரசிகர்கள்!

எல்லோரும் கடையை மூட்டை கட்டுகிற நேரத்தில் ஒருவர் வந்து நின்றார். பட்டுக் கடையில் புடவை பிரித்துக் காட்டுகிறவர். வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறாராம். அவர் பார்த்தது பஸ் படத்தை. டிபன் பையைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குகிற ஒரு மனிதன்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நாந்தாம்மா" என்றார். "தெனம் இப்டித்தான் தூங்கிக்கினு வரேன்."

பேரம் பேசவில்லை. கேட்ட பணத்தைக் கொடுத்தார். தினேஷே அட்டை வைத்துப் பேக் செய்து கொடுத்தான். வாசல் வரை போனவர் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார்.

"இதை எந்தத் திசையில மாட்டணும்மா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவருமா?

கல்பனா இரண்டு நாளில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். "நீங்க உக்காந்தா கண்ணுக்குத் தெரியற திசையில, அண்ணா."

திங்கட்கிழமை ஒரகடத்துக்குத் தினேஷ் மட்டும்தான் போனான். வாஸ்து சரியாகத்தான் இருக்கிறது!