நைனா சவரம் செய்யாமல் போன நாள்

அன்றைக்கு ஆட்டோவில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். பின் சீட்டில் பாதி படுத்தபடி நைனா. எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு அம்மா. வண்டி ஓட்டியது அம்மாவின் தம்பி, என் மாமா. அவர் பக்கத்தில் ஒரு தொடை மட்டும் சீட்டில் பட, கம்பியைப் பிடித்துக்கொண்டு நான். வரவேண்டிய ஒருத்தி வரவில்லை. அது அக்கா. குழந்தைக்குக் காய்ச்சல் என்று வியாசர்பாடியில் மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவள் வராததால்தான் அன்று நடந்தது நடந்தது.

நைனா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மூட்டை தூக்கியவர். மூட்டையோடு படியில் சறுக்கி விழுந்ததில் முதுகில் நரம்பு நசுங்கிவிட்டது. ஆபரேஷன் ஆனது, நடக்கவும் முடிந்தது. வலி மட்டும் போகவில்லை. "இடது கால்ல கரண்டு ஓடுற மாதிரி கீதுடா" என்பார். அதை அடக்க ஒரு மாத்திரை உண்டு. அது கேட்டவர்களுக்கெல்லாம் கடையில் தருகிற மாத்திரை இல்லை. மாதாமாதம் டாக்டர் நேரில் பார்த்துப் புதுச் சீட்டு எழுத வேண்டும். கடைக்காரர் மருந்தைக் கொடுத்ததும் சீட்டில் சீல் குத்திவிடுவார். அதோடு அது வெறும் காகிதம்.

டாக்டர் இருப்பது மயிலாப்பூரில். அடையாற்றங்கரையில் நாங்கள் குடியிருந்தவரை பாலத்தைத் தாண்டினால் போதும். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு ஒதுக்கி எங்களை அனுப்பிய பிறகு, அந்த ஒரு சீட்டுக்காக மெட்ரோவுக்குத் தோண்டிய ரோடு முழுவதையும் குலுங்கிக் கடக்க வேண்டியிருந்தது. வலிக்கு மாத்திரை வாங்கப் போகிற வழியிலேயே அந்த மாதத்து வலியெல்லாம் வந்துவிடும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான். தரமணியில் ஏசி ஆபீசில் உட்கார்ந்து யார் யாருடைய இன்சூரன்ஸ் புகாரையோ தீர்த்துவைக்கிறேன். என் அப்பாவுக்கு ஒரு சீட்டு வாங்க வழி தெரியவில்லை. கிளினிக்குக்குப் போன் போட்டு எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறேன்.

"வீடியோ கால்ல பார்த்தா என்ன மேடம்? அதே முகம்தானே?"

"இந்த மருந்துக்கு மட்டும் பேஷண்ட் நேர்ல வரணும் சார். நான் சொல்லல, டாக்டர் சொல்றாங்க" என்று ரிசப்ஷனில் இருந்த பெண் பொறுமையாகவே சொல்வார். அந்தப் பொறுமையே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

டாக்டரிடம் போகிற நாள் எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். அக்கா முதல் நாளே வந்துவிடுவாள். நைனாவுக்கு மழமழவென்று சவரம் செய்துவிடுவாள். வெள்ளைச் சட்டையும் வேட்டியும் இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் இருக்கும். நெற்றியில் திருநீறு. கிளம்பும் முன், மிச்சம் பிடித்து வைத்திருந்த மாத்திரையில் ஒன்றைக் கூடுதலாகப் போட்டுவிடுவாள். "பெரிய எடத்துக்குப் போறோம். மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு போனா டாக்டரம்மா இன்னா நெனப்பாங்க?" என்பாள்.

டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நைனாவிடம் ஒரே பதில்தான். "உங்க புண்ணியத்துல நல்லா கீறேம்மா." வைத்தியம் பார்த்தவரிடம் இன்னும் வலிக்கிறது என்று சொல்வது அவர் கைராசியைக் குறை சொல்வதாகும் என்பது அவர் கணக்கு. நான் வாயைத் திறந்தால் மேசைக்குக் கீழே என் தொடையை அழுத்துவார்.

போன முறை டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "இவ்வளவு நல்லா இருக்கீங்களே! மாத்திரையைப் பாதியாக்கிடலாம். ரொம்ப நாள் நிறைய சாப்பிடக் கூடாத மருந்து இது" என்றார். நைனா கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டுக்கு வந்து பாதி அளவில் தாக்குப்பிடிக்க முடியாமல் பழைய அளவிலேயே போட்டார். மாதம் பாதியிலேயே டப்பா காலி.

எங்கள் பகுதி மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர். "தம்பி, உங்கப்பா எனக்கு வேண்டியவர்தான். சீட்டு இல்லாம குடுத்தா என் லைசென்ஸு போயிடும்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இரண்டு இரவு நைனா தூங்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, முனகல் எங்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று துண்டைக் கடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் மாமா ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். சவரம் செய்ய அக்கா இல்லை. கூடுதலாகப் போட மாத்திரையும் இல்லை. வேட்டி மாற்றிவிடலாம் என்று காலைத் தொட்டாலே துடித்தார். கட்டிய லுங்கியோடு தூக்கி ஏற்றினோம்.

"மாமா, பல்லக் கடிச்சிக்க. ஸ்பீடு பிரேக்கர் வருது" என்று நைனாவிடம் சொன்னார் என் மாமா.

"சொல்லிட்டு ஏத்துடா. சொல்லாம ஏத்துனாதான் உயிர் போவுது."

அதிலிருந்து மாமா ஒவ்வொன்றுக்கும் குரல் கொடுக்க ஆரம்பித்தார். "வருது... வருது... வந்துட்ச்சு!" திருவான்மியூர் வரைக்கும் இதே கூத்து. சிக்னலில் பக்கத்து பைக்கில் இருந்தவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாடா ஏலம் வுடுற மாதிரி கத்திக்கினு வர!" என்று அம்மா அதட்டினாள்.

"வுடும்மே, அவன் கத்துறதுதான் எனக்கு மருந்து" என்றார் நைனா. அந்த வலியிலும் அவர் உதடு சிரித்ததைப் பார்த்தேன்.

கிளினிக் வாசலில் அவரால் இறங்க முடியவில்லை. இரண்டு முறை தூக்கப் பார்த்தோம். மூன்றாம் முறை வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். நான் மட்டும் மாடிக்கு ஓடினேன். வழியெல்லாம் இங்கிலீஷில் கோர்த்து வைத்திருந்த சண்டை வார்த்தைகள் அத்தனையும், டாக்டரே தன் அறைக் கதவைத் திறந்து வெளியே வந்ததும் காணாமல் போயின. "டாக்டர், கீழ ஆட்டோல இருக்காரு. இறங்க முடியல" என்பது மட்டும்தான் வந்தது.

அவர் காத்திருந்தவர்களைப் பார்த்து, "அஞ்சு நிமிஷம் பொறுத்துக்குங்க" என்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அவருக்கும் முழங்கால் வலி இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார்.

அம்மா இறங்கி இடம் விட, டாக்டர் ஆட்டோவில் ஏறி நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நைனா பதறிப்போய் லுங்கியை இழுத்துவிட்டார், நரைத்த தாடியைக் கையால் மறைத்தார். "மன்னிச்சுக்கம்மா, இப்டியே வந்துட்டேன். பொண்ணு வர முடியல."

"எப்படி இருக்கீங்க?"

"உங்க புண்ணியத்துல..."

டாக்டர் இடது காலில் விரலை வைத்தார். நைனா போட்ட சத்தத்தில் எதிரே இருந்த பூக்கடை அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

அம்மாதான் சொன்னாள். "எப்பவும் இப்டித்தான் டாக்டரம்மா. உங்கள்ட்ட வரும்போது மட்டும் ஒரு மாத்திர கூடப் போட்டுக்கினு மாப்ள கணக்கா வருவாரு."

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அப்போ மாசாமாசம் நான் பார்த்தது யாரை? போன்ல கேட்டா எல்லாரும் நல்லா இருக்கேன்னுதான் சொல்வாங்க. அதனாலதான் நேர்ல வரணும்னு அடம் பிடிக்கிறேன். நீங்க நேர்லயும் என்னை ஏமாத்திட்டீங்களே பெரியவரே!"

அதற்குள் ஒரு டிராபிக் போலீஸ்காரர் வந்துவிட்டார். "யோவ், வண்டிய எடு! ரோட்ட அடச்சிக்கினு..."

டாக்டர் ஆட்டோவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "சார், இப்போதைக்கு இதுதான் என் கிளினிக்."

போலீஸ்காரர் ஒரு கணம் விழித்தார். "சரி மேடம், சீக்கிரம் டிஸ்சார்ஜ் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, பின்னால் ஹாரன் அடித்த வண்டிகளைச் சுற்றிப் போகச் சொல்லிக் கை காட்ட ஆரம்பித்தார்.

மடியில் வைத்தே சீட்டு எழுதினார் டாக்டர். பழைய அளவைத் திரும்பக் கொடுத்தார். நரம்புக்கு இன்னொரு மாத்திரையும் சேர்த்தார். "மாசம் ஒரு தடவை நான் பார்த்தே ஆகணும், அதுல மாற்றம் இல்ல. ஆனா நீங்க மாடி ஏற வேண்டாம். கீழ வந்து போன் பண்ணுங்க, நான் வரேன். ஷேவிங் கூடாது. எக்ஸ்ட்ரா மாத்திரை கூடவே கூடாது, அது ஆபத்து. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும்."

"சரிம்மா" என்றார் நைனா. பிறகு யாரையும் பார்க்காமல், "வலிக்குதும்மா" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து வெளியார் முன்னால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அத்தனை நாள் திட்டித் தீர்த்த அந்த விதி இல்லாவிட்டால், பாதி அளவு மாத்திரையோடு சுவரைப் பார்த்தபடியே அவர் கிடந்திருப்பார். இன்றைக்கும் அந்த விதி எங்களைப் போன்றவர்களுக்குக் கடுமையானதுதான். ஆனாலும் படியில் இரண்டிரண்டு காலாக வைத்து இறங்கிய அந்த டாக்டரம்மாவை நினைத்தால் என் கோபம் கரைந்துபோகிறது.

கீழே இருந்த மருந்துக்கடையிலேயே வாங்கி, பக்கத்துக் கடை டீயோடு மாத்திரையைக் கொடுத்தோம். அடையாறு தாண்டுகையில் நைனா தூங்கிப்போனார். மாமா ஸ்பீடு பிரேக்கர்களுக்குக் குரல் கொடுக்கவில்லை. மாட்டு வண்டி வேகத்தில் ஏற்றி இறக்கினார்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "லுங்கியோடவா இட்டுக்கினு போனீங்க? மானமே போச்சு" என்று ஒரு பாட்டம் அழுதாள். நடந்ததைச் சொன்னதும் இன்னொரு பாட்டம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "செலவு எவ்ளோடா ஆச்சு?" என்றாள்.

டாக்டர் பீஸ் வாங்கவில்லை. மாமா வாடகை வாங்கவில்லை, வண்டிக்குக் கேஸ் மட்டும் போடச் சொன்னார். அதுவும் மாத்திரையும் ஐந்து டீயும் சேர்த்து எண்ணூற்று இருபது ரூபாய். ஐந்தாவது டீ போலீஸ்காரருக்கு.