கன்னடம் ஒன்றுதான் பாக்கி

ஷேவிங் லோஷன் வாசம் எங்கே அடித்தாலும் எல்லையோர ஊரான ஜூஜுவாடியின் சலூன்காரர் நினைவுக்கு வந்துவிடுகிறார். காதில் எப்போதும் சீப்பு செருகியிருக்கும் குட்டை மனிதர். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பேப்பர் வாங்குவார். மூன்றும் பேசுவார், வாசிப்பது தமிழ் மட்டும். மற்றதை முடிவெட்ட வருகிறவர்கள் படித்துச் சொல்ல வேண்டும். மருத்துவச் செய்தி மூன்றிலும் வந்தால்தான் அவருக்கு நிஜம்.

கடை பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பார். கண் நரம்பு கெட்டு, பார்வை முக்கால்வாசி போயிருந்தது. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

அன்று தெலுங்குப் பேப்பரை என் மடியில் போட்டார்.

“கண்ணு நரம்புக்குப் புது மருந்தாம் சார். தமிழ்ல பாத்துட்டேன். இதுல இருக்கறத அவளுக்குக் கேக்கற மாதிரி படிங்க.”

படித்தேன். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் என்று வரப்போகும் இடத்தில், கண்ணாடிக்குள் அவர் கத்தரிக்கோலோடு என்னைக் கும்பிட்டார். எலியைத் தாண்டி மருந்தை மட்டும் படித்து முடித்தேன்.

“கன்னடம் ஒண்ணுதான் பாக்கி,” என்றார் மனைவியிடம், குரல் பூரித்து.

நான் படியிறங்கும்போது அந்த அம்மா தாழ்ந்த குரலில் கூப்பிட்டார்.

“காலைல இவரு டீக்குப் போனப்ப ஒருத்தர் கன்னடத்துல முழுசாவே படிச்சுட்டாரு சார். அந்த எலிங்களுக்கு இப்ப நல்லா கண்ணு தெரியுதுங்களா?”