தேவானை பொறுக்கிய புழுக்கள்

பெசன்ட் நகரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள சின்னப் பூங்காவை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்பவர் தேவானை. சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரம் இருந்த வீட்டை இடித்ததும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி ஏழு மணிக்குள் வந்துவிடுவார்.

பூங்காவில் ஓர் அரிய செடி இருக்கிறது. மலைக்காட்டில் ஒன்றிரண்டு இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறதாம். கல்லூரியில் தாவரவியல் நடத்தும் மதுவந்தி மேடம் கொண்டுவந்து நட்டது. பலகையில் எழுதியிருக்கும் பெயர் வாயில் நுழையாததால் தேவானைக்கு அது 'போர்டு செடி'. இரண்டு வருடம் பூத்தும் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. இந்த முறையும் காய்க்காவிட்டால் வேறு தோட்டத்துக்கு மாற்றிவிடுவதாக மேடம் சொன்னார்.

"இன்னா மேடம், வேர் புடிச்சதை மறுபடி பேத்துக்கினு போறதா?" என்றார் தேவானை.

ஒரு மாலை, நீண்ட குழல் போன்ற அந்த வெள்ளைப் பூக்களைப் பார்த்தபடி மேடம் கேட்டார்: "இதுக்குள்ள நாக்கை விட்டுத் தேன் குடிக்கிற அந்திப்பூச்சி ஊரெல்லாம் பறக்குது. இங்க மட்டும் ஏன் வரலை?"

"நான் வுட்டாத்தானே வரும்?" தேவானை பெருமையாகப் பக்கத்து நந்தியாவட்டையைக் காட்டினார். அதன் இலையைத் தின்னும் பச்சைப் புழுக்கள் போர்டு செடிக்கும் தாவிவிடும் என்று பயந்து, தினமும் அவற்றைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவந்திருக்கிறார்.

மேடம் அந்த வாளியை எட்டிப் பார்த்தார். "அந்தப் புழுதான் தேவானை, பூச்சியாகுது. அது இந்தச் செடியைத் தொடாது."

மறுநாள் முதல் வாளி கவிழ்ந்தே கிடந்தது. நந்தியாவட்டை மொட்டையானது. பூஜைக்குப் பூப்பறிக்க வரும் சூடாமணி மாமிக்குக் கோபம்.

"கையில சுளுக்காடி உனக்கு? பகவானுக்கு ஒரு பூ இல்லை, புழுவுக்கு விருந்து வெச்சிண்டிருக்கே. தெருச் சங்கத்துல சொல்றேன் பாரு."

"சொல்லிக்கோ மாமி. அதுங்க துன்னாத்தான் இந்த போர்டு செடி காய்க்குமாம்."

அரிய செடிக்குப் பலகை உண்டு, கம்பிவேலி உண்டு. பூச்சிக்கு எதுவும் இல்லை. எங்கும் கிடைப்பதால் கொன்றாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் எங்கள் பூங்காவில் இல்லாமல் போனது அதுதான் என்பது இரண்டு வருடம் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஒன்றரை மாதம் கழித்துப் போர்டு செடியில் மூன்று காய்கள். தேவானை உடனே மேடத்துக்குப் போன் போட்டார்.

"காய் வுட்டுக்கீது மேடம். செடியை எடுக்க வராதீங்க. வந்தா பாத்துட்டு மட்டும் போங்க."