அம்மாவுக்குப் புரியாத கன்னடச் சொல்

அம்மாவின் கன்னடம் காய்கறிக்கடைக் கன்னடம். அரைக் கிலோ, சில்லறை, போதும் என்பதற்கு "சாக்கு", விலை கூடினால் "ஜாஸ்தி ஆயித்து" என்று அதை வைத்தே ஆஸ்டின் டவுனில் இருபது வருடம் ஓட்டிவிட்டாள். நான் கன்னட மீடியத்தில் படித்தவள். அதில் அவளுக்கு எப்போதும் பெருமைதான். முக்கியமான ஒரு நாளில் மட்டும் மறந்துபோனாள்.

பதினாறு முடிந்தும் நான் வயதுக்கு வரவில்லை. மாடி வீட்டு ஆன்ட்டி வாரம் தவறாமல் "இன்னுமா?" என்று விசாரிப்பார். தொண்ணூற்று நான்கில், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்து டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம். அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். அம்மா என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "கன்னடத்துலயே சொல்லுங்க மேடம்" என்றாள். எனக்குப் புரியக் கூடாதாம்!

"கர்ப்பகோஷ இல்லம்மா. ஒளகடெ வ்ருஷண இதெ. ஆபரேஷன் மாடி தெகிபேக்கு."

கர்ப்பப்பை இல்லை என்பது அம்மாவுக்குப் புரிந்தது. கண் கலங்கிவிட்டது. மற்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கோ எல்லாமே புரிந்தது: உள்ளே 'வ்ருஷண' இருக்கிறது, ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும். 'வ்ருஷண' எங்கள் அறிவியல் புத்தகத்தில், ஆண் உடம்பின் படத்தில், அம்புக்குறி போட்டு எழுதியிருந்த சொல்.

பஸ்ஸில் அம்மா மெல்லக் கேட்டாள்: "அது என்னடி, வ்ருஷண?"

"கட்டிம்மா. சின்னக் கட்டி. எடுத்துட்டா சரியாயிடும்."

தலைவாரிப் பூ வைத்து வளர்த்தவளிடம் வேறு எப்படிச் சொல்வது? தெரிந்தால் என்னை மகளாக வைத்துக்கொள்வாளா என்று பயம். அந்தப் பயத்துடன்தான் அடுத்த நான்கு வருடமும் இருந்தேன்.

ஆபரேஷன் நடந்தது. எடுக்கத்தான் வேண்டுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். தையல் ஆறியதும் அம்மா தன் பங்குக்கு ஒரு பொய் சொன்னாள். நான் வயதுக்கு வந்துவிட்டதாகத் தெருவுக்கே சொல்லி, மாமாவை வரவழைத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மாலை போட்டு உட்கார வைத்தாள். போட்டோக்களில் எல்லாம் முறைத்துக்கொண்டிருப்பேன்.

அதோடு முடிந்ததா? மாதாமாதம் மூன்று நாள் நான் வீட்டுக்குத் தூரம். சமையலறைக்குள் போகக் கூடாது. தனித் தட்டு, தனிப் பாய். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி. "உங்க பொண்ணுக்கு மட்டும் கரன்ட் பில் மாதிரி தேதி மாறாம வருதே!" என்று ஆன்ட்டி ஆச்சரியப்பட்டதும், அடுத்த மாதத்திலிருந்து அம்மா இரண்டு நாள் முன்னே பின்னே தள்ள ஆரம்பித்தாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! ஆனால் அந்த மூன்று நாளும் என்னை அப்படித் தாங்குவாள். தோசையைச் சுடச்சுடப் பாய்க்கே கொண்டுவந்து, "சாப்ட்டுட்டு ரெஸ்ட் எடு" என்பாள். எதற்கு ரெஸ்ட் என்று நானும் கேட்டதில்லை.

கல்லூரிக் கடைசி வருடம், நூலகத்தில் ஒரு மருத்துவப் புத்தகத்தில் என்னைக் கண்டுபிடித்தேன். குரோமோசோம் எக்ஸ்-ஒய், ஆனால் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சொல்வதை உடம்பு கேட்பதில்லை, அதனால் பெண்ணாகவே வளர்கிறது. ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத உடம்போடு பிறக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். இடைப்பாலினம் என்று இப்போது சொல்கிறார்கள். அன்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு, அம்மா பாய்க்கே தோசை கொண்டுவரும்போதெல்லாம் பஸ்ஸில் சொன்ன பொய் உறுத்தியது.

அந்த மாத இரண்டாம் நாள் மத்தியானம், தட்டை வைத்துவிட்டுத் திரும்பியவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

"அது கட்டி இல்லம்மா. வ்ருஷணன்னா ஆம்பளைங்களுக்கு இருக்கற விரை. அதுதான் எனக்குள்ள இருந்துச்சு. பஸ்ல உங்கிட்ட பொய் சொன்னேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "இத்தினி வருஷமா இத நீ ஒண்டியா வெச்சிக்கினு இருந்தியா?" என்றாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். நான் கேட்க ஏங்கியதை அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலை சமையலறையிலிருந்து குரல் வந்தது: "வந்து தேங்கா துருவு."

தயங்கிக்கொண்டே போய் உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் உறைமோர் கேட்டு ஆன்ட்டி வந்தார். என்னைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னக்கா, இன்னிக்கு இவளுக்கு மூணாம் நாளாச்சே?"

"அவளுக்கு அதெல்லாம் கெடையாது. என்னிக்குமே இருந்ததில்ல. நான்தான் ஊருக்கு பொய் சொல்லிக்கினு இருந்தேன்."

"அப்போ அன்னிக்கு செஞ்ச சடங்கு?"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். "என் பொண்ணுக்கு செஞ்சேன். அதுல பொய் இல்ல."

ஆன்ட்டி உறைமோர் வாங்காமலே போய்விட்டார். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. "பாத்துத் துருவுடி, கைய கிழிச்சிக்கப்போற" என்றாள் அம்மா.