கட்டுப் போடப் படுத்தவன் கட்டுப் போட்ட கதை

முதுகுக்குக் கீழே மழை குடித்த புல். மூக்கில் கார்பாலிக் லோஷன் நெடி. காதுக்குப் பின்னால் ஓர் எறும்பு ஊர்ந்துகொண்டே இருக்கும்... கை தூக்கித் தட்ட முடியாது. ஏனென்றால் நான் அப்போது பிணம்.

ஆமாம் நண்பர்களே, ரங்கூன் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில். எனக்கு இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி ஒரு வருஷம். ஸ்ட்ரெச்சர் தூக்கும் சிப்பாய்களுக்கு முதலுதவி கற்றுக்கொடுக்க ஓர் உடம்பு தேவைப்பட்டது. வார்டு கூலிகளில் ஒல்லியானவன் நான். தூக்க லேசு.

காலையில் தொடை ஒடிந்தவன், பத்து மணிக்கு மண்டை பிளந்தவன், சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீரில் மூழ்கியவன். எட்டு மாதம் இப்படியே படுத்திருந்தேன்.

பாடம் நடத்தியவர் அவில்தார் தேவசகாயம். வேலூர்க்காரர். பெரிய யுத்தத்தில் பஸ்ரா பக்கம் காயம்பட்டவர்களைச் சுமந்தவர். நான் கொஞ்சம் நெளிந்தாலும் போதும்.

"டேய் வீராசாமி, பேசாம கெட! செத்தவன் சொறிவானாடா?"

மற்றவர்கள் கண்ணால் படித்தார்கள். நான் தோலால் படித்தேன். ஒடிந்த எலும்புக்கு வைத்துக் கட்டும் மூங்கில் சிம்பு எங்கே குத்தும், எந்த முடிச்சு இறுகினால் விரல் மரத்துப்போகும், கட்டைவிரலை எங்கே ஊன்றினால் கால் முழுக்கச் சில்லிட்டுப்போகும்... எல்லாம் எனக்குத் தெரியும். கோ தின் என்ற பர்மியச் சிப்பாய் மட்டும் எப்போதும் அளவுக்கு மீறி இறுக்கிவிடுவார். பிறகு மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு சுருட்டு நீட்டுவார்.

ஒரு நாள் அவில்தாரிடம் கேட்டேவிட்டேன். "அய்யா, நானும் பரீட்சை எழுதலாமா?"

"எழுதப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப படுத்துக்க."

மழைக்காலம் முடிந்து, பெரிய டாக்டர்கள் பார்க்க வந்த ஒத்திகை நாள். மைதானத்தின் ஒரு கோடியில் கூடாரம், அதில் எங்கள் கேப்டன் டாக்டரும் விருந்தாளிகளும். மறுகோடியில் நாங்கள். என் இரண்டு காலையும் சிம்பு வைத்துச் சேர்த்துக் கட்டியாகிவிட்டது. கோவேறு கழுதை பூட்டிய ஆம்புலன்ஸ் வண்டியை அவில்தார் பின்னால் நகர்த்தச் சொன்னார். யாரோ விசில் ஊதினார்கள். கழுதை மிரண்டு துள்ளியது. வண்டி சாய்ந்து அவில்தாரைத் தள்ளியது, அதன் இரும்புக் கொக்கி அவர் தொடையைக் கிழித்துவிட்டது.

ரத்தம் வழியவில்லை... பீச்சியது. துடித்துத் துடித்து.

வகுப்பின் எட்டுச் சிப்பாய்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எட்டு மாதமாக அவர் குரல் வந்த பிறகுதான் அவர்கள் கை அசைந்திருக்கிறது. அன்று அந்தக் குரல் வரவில்லை. ஒருவர் கூடாரத்தை நோக்கி ஓடினார். அவர் போய்ச் சேர்ந்து டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எனக்குக் கால் கட்டியிருந்தது. கை சும்மா இருந்தது. முழங்கையை ஊன்றிப் புல்லில் உடம்பை இழுத்துக்கொண்டே போனேன். இரண்டு கட்டைவிரலையும் அவர் தொடை இடுக்கில் வைத்து, என் முழு பாரத்தையும் அதன் மேல் போட்டேன்.

பீச்சல் நின்றது.

"கோ தின்! மியன் மியன்! சீக்கிரம்! துணி, ஒரு குச்சி!"

"வீராசாமி, நான் என்னா செய்ய?" துணியும் குச்சியுமாக வந்து மண்டியிட்டார்.

"காயத்துக்கு மேல சுத்து. முடிச்சுப் போடு. குச்சிய உள்ள விட்டு முறுக்கு."

"எவ்ளோ?"

"என் கையில கட்டுவியே, அவ்ளோ! இன்னும் முறுக்கு!"

முறுக்கினார். மெதுவாகக் கட்டைவிரலைத் தளர்த்தினேன். ஒரு சொட்டு வரவில்லை. அவில்தார் கண்ணைத் திறந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. "எடம் சரி..." என்றார். "கட்டுன நேரத்தக் குறிச்சிக்கடா, ரொம்ப நேரம் இருந்தா காலு போயிரும்."

கேப்டன் ஓடி வந்து பார்த்தார். துணியை, குச்சியை, கடைசியாகச் சிம்போடு புல்லில் கிடந்த என்னை. இந்துஸ்தானியில் கேட்டார்: "இதைச் செய்தது யார்?" கோ தின் என்னைத் தொட்டுக் காட்டினார்.

அவில்தார் பிழைத்தார். காலும் பிழைத்தது. படுக்கையிலிருந்தே என் பேரைப் பரீட்சைக்குக் கொடுக்கச் சொன்னார். ஆபீஸ் குமாஸ்தா தயங்கினாராம்: "கையெழுத்துப் போடத் தெரியாத ஆளுங்க."

"ரத்தம் என்னய்யா, கையெழுத்துக் கேட்டா நின்னுச்சு?" என்றாராம் அவில்தார்.

பரீட்சை வாய்மொழியாக நடந்தது. கேப்டன் கேட்டார், அவில்தார் கைத்தடியோடு உட்கார்ந்து தமிழில் சொன்னார், நான் செய்து காட்டினேன். எனக்குப் பிணமாகப் படுத்தவர் கோ தின்! சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு... ஒரு கேள்விகூட விடவில்லை நான். அந்த வகுப்பில் முதல் ஆள் யார் என்று கேப்டன் படித்தபோது, என் பேரை அவர் உச்சரித்த விதத்தில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கோ தின்தான் முதுகில் தட்டினார்.

எனக்கும் கொடுத்தார்கள்: காக்கிச் சட்டை, கையில் சிவப்புச் சிலுவைப் பட்டை. ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையோரம் எங்கள் வீடு. அன்று ட்ராமில் ஏறவில்லை. வழியெல்லாம் ஜனங்கள் பார்க்கட்டும் என்று நடந்தே போனேன். வாசலில் என் மனைவி முனியம்மா நிமிர்ந்து, "யாருங்க வேணும்?" என்றாள். பிறகு அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மா தோ மியா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்.

வருஷங்கள் போய்விட்டன. இப்போது மோட்டார் ஆம்புலன்ஸ் மணியடித்துக்கொண்டு பறக்கிறது. பாட்டிலில் ரத்தம் ஏற்றுகிறார்கள். சென்ற மாதம் பேட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒரு முதலுதவி வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். மீன் விற்கிற பெண்கள், சைக்கா என்கிற ஆளேற்றும் சைக்கிள் வண்டி ஓட்டுகிறவர்கள், கடைப் பையன்கள், எல்லாரும் ஒரே வரிசையில். படம் காட்டிப் பர்மியில் சொல்லித் தருகிறார்கள். உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று ஒருவரையும் கேட்கவில்லை.

பின்வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்துகொண்டேன்.